பாதித் தழும்பில் மட்டும் பூசிப் பாருங்கள்

காயம் ஆறிய பிறகு வரும் அரிப்பைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தழும்பைப் பற்றித்தான். ஒரே சந்தேகத்தைப் பலரும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: இந்த மருந்தெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா, அதை யார், எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்? அதனால் இந்த முறை முழுக்கத் தழும்பு சிகிச்சைகளும் அவற்றின் ஆய்வுகளும்தான்.

வணக்கம் டாக்டர். எனக்கு சிசேரியன் ஆகி ஒன்பது மாதம் ஆகிறது. வைட்டமின் ஈ கலந்த தழும்பு கிரீம் நான்கு டியூப் பூசி முடித்துவிட்டேன். தையல் கோடு நன்றாக வெளுத்திருக்கிறது. ஆனால் என் கணவர், "அது தானாகவே வெளுத்திருக்கும், காசுதான் தண்டம்" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, திருப்பூர்

அம்மா, உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. தழும்பு முழுக்கப் பூசிவிட்டீர்களே! ஒரு ஓரத்தைப் பூசாமல் விட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

தையல் பிரித்ததோடு தழும்பின் கதை முடிவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தை மூட உடம்பு முதலில் அவசர அவசரமாகக் கொலாஜன் நாரைப் போட்டு அடைக்கிறது. அப்புறம் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்து, உறுதியான வேறு வகை நாரை அந்த இடத்தில் வைக்கிறது. அதிகப்படியாக முளைத்த ரத்தக் குழாய்களும் மெல்ல மெல்ல வற்றுகின்றன. இது முடிய ஒரு வருடம் ஆகும், சிலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். இரண்டாவது மாதம் தடித்து, கருஞ்சிவப்பாக நின்ற கோடு ஒன்பதாவது மாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாலும் வெளுக்கும், ஒன்றுமே தடவாவிட்டாலும் பெரும்பாலும் வெளுக்கும். விளம்பரத்தில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் போடுகிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் ஓடியது என்று பாருங்கள். பாதி வேலையைக் காலமே செய்திருக்கும்.

வைட்டமின் ஈ பற்றி ஒரு சின்ன ஆய்வு உண்டு, நான் அடிக்கடி சொல்வது. அமெரிக்காவில் மயாமியில் லெஸ்லி பாமன், ஜேம்ஸ் ஸ்பென்சர் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் செய்து 1999-ல் வெளியிட்டது. தோல் புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்த 15 பேருக்கு ஏ, பி என்று எழுதிய இரண்டு களிம்புகளைக் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணக் களிம்பு, மற்றது அதே களிம்பில் வைட்டமின் ஈ கலந்தது. ஒவ்வொருவருடைய தழும்பையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஏ, மறு பாதியில் பி என்று தினம் இரண்டு வேளை நான்கு வாரம் பூசச் சொன்னார்கள். எதில் வைட்டமின் இருக்கிறது என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்துச் சொன்ன டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறு தழும்பில் வைட்டமின் ஈ எதுவும் செய்யவில்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமாகத் தெரிந்தது. மூன்றில் ஒருவருக்குப் பூசிய இடத்தில் ஒவ்வாமைத் தடிப்பே வந்துவிட்டது. பதினைந்து பேர் என்பது கொஞ்சம்தான், நான்கு வாரமும் குறைவுதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே ஆள், ஒரே தோல், ஒரே வெயில், ஒரே சாப்பாடு, பாதிக்கு இது, பாதிக்கு அது என்ற ஏற்பாடு எத்தனை பேச்சை ஒரேயடியாக முடித்து வைக்கிறது பாருங்கள்!

உங்கள் தழும்பு அரிக்கவில்லை, தடிக்கவில்லை என்றால் ஐந்தாவது டியூப் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் குழந்தைக்கு ஏதாவது வாங்குங்கள்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தழும்பு 'குறைந்துவிட்டது' என்று ஆய்வுகளில் எதை வைத்துச் சொல்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், கோவை

நல்ல கேள்வி தம்பி. இந்தத் துறையில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான்.

1990-லிருந்து வான்கூவர் அளவுகோல் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. நிறம், ரத்த ஓட்டம், வளையும் தன்மை, உயரம் ஆகிய நான்கையும் டாக்டர் பார்த்து மதிப்பெண் போடுவார். தீக்காயத் தழும்புகளுக்காக வந்தது. அதில் நோயாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரிக்கிறதா, இழுக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்க அதில் இடமே கிடையாது. 2004-ல் நெதர்லாந்தில் போசாஸ் என்ற வேறோர் அளவுகோலைக் கொண்டு வந்தார்கள். அதில் டாக்டருக்கு ஒரு தாள், நோயாளிக்கு ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 10 வரை எண், 1 என்றால் சாதாரணத் தோல் மாதிரி.

நேரில் பார்த்தால் இப்படி இருக்கும். கண்ணாடி மாதிரியான ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டைத் தழும்பின் மேல் வைத்து அழுத்துவோம். ரத்தம் ஒதுங்கி இடம் வெளிறிப் போகும். தகட்டை எடுத்ததும் எவ்வளவு ரத்தம், எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்று பார்ப்போம். அப்புறம் இரண்டு விரலால் தழும்பைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்போம். பக்கத்துத் தோல் துணி மாதிரி மடியும், தழும்பு செருப்புத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். நான் ஒருமுறை ஓர் அம்மாவின் கழுத்துத் தழும்புக்குத் தடிப்பு 2, நிறம் 3 என்று போட்டுவிட்டு, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் தாளில் அரிப்புக்கு 9 என்று வட்டம் போட்டு நீட்டினார். அன்றிலிருந்து நோயாளியின் தாளைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்க்கிறேன்.

புகைப்படமும் எடுப்பார்கள். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே கேமரா, மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தப் படம் எந்த மருந்து என்று தெரியக் கூடாது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிவப்பு குறைந்ததா என்று பார்ப்பது வெள்ளைத் தோலில் சுலபம். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், நம்மை வருத்துவதும் அது அல்ல, தழும்பு கன்னங்கரேலென்று நிற்பதும் ஓரம் வெளுத்துப் போவதும்தான். ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது எந்த நிறத் தோலில் செய்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

வெங்காயச் சாறு கலந்த ஜெல் நல்லதா?
— வாசகர், தஞ்சாவூர்

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒன்றுமே பூசாத தழும்போடு ஒப்பிட்ட ஆய்வில் ஜெல் பூசிய இடம் மிருதுவாகத் தெரிந்தது. 2006-ல் வெளிவந்த ஆய்வில், 24 பேருக்குப் புதுத் தையல் தழும்பின் ஒரு பாதியில் இந்த ஜெல், மறு பாதியில் சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லி என்று பூசிப் பார்த்தார்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஈரப்பதம் காய்ந்து போகாமல் காப்பதில்தான் பலன் என்றால், அதற்குப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும், விலையும் குறைவு.

டாக்டர், என் தங்கைக்கு இரண்டாவது காது குத்தின இடத்தில் கெலாய்ட் வந்து நெல்லிக்காய் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு முறை அறுத்து எடுத்தோம், ஆறே மாதத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது. இப்போது போன ஆஸ்பத்திரியில், 'ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்ந்தால் ஊசி இலவசம்' என்கிறார்கள். 'எம் பொண்ணு என்ன சோதனை எலியா?' என்று அம்மா அழுகிறார். சேரலாமா?
— வாசகி, மதுரை

உங்கள் அம்மாவின் பயத்தில் தப்பே இல்லை. முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகத் தடிக்கிற தழும்பு காயம்பட்ட எல்லைக்குள்ளேயே நிற்கும். கெலாய்ட் அந்த எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் பரவும். காது மடல், நெஞ்சின் நடு, தோள்பட்டை எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அதிகம் வரும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வர வாய்ப்பு கூடுதல். வேறு எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் வெறுமனே அறுத்து எடுத்தால் நூற்றுக்கு 45-லிருந்து 100 பேர் வரை திரும்ப வளர்ந்ததாக வேறு வேறு ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் தங்கைக்கு நடந்தது அதுதான். அவர் ஏதோ சாப்பிட்டதாலோ, காதைத் தொட்டதாலோ வந்தது அல்ல. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பல பெண்கள் வருடக்கணக்கில் தங்களையே குறை சொல்லிக்கொண்டு, காதைத் தலைமுடியால் மூடிக்கொண்டு திரிகிறார்கள்.

வழக்கமான சிகிச்சை, டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கெலாய்டுக்குள்ளேயே மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுவது. வலிக்கும். சிலருக்கு ஊசி போட்ட இடம் வெளுத்துப் போகும், தோல் மெலியும். ஆய்வுகளில் பெரும்பாலும் இந்த ஊசியைத் தனியாகவும், ஃபைவ் ஃப்ளோரோயுராசில் என்ற மருந்தோடு கலந்தும், லேசரோடு சேர்த்தும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரு பக்கம் புது மருந்து, சரி, மறுபக்கம் என்ன?" மறுபக்கம் வழக்கமான ஊசி என்றால், எந்தப் பக்கம் விழுந்தாலும் தங்கைக்கு ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மறுபக்கம் வெறும் உப்புத் தண்ணீர் என்றால், அத்தனை மாதம் கெலாய்ட் வளர விடலாமா என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, எத்தனை மாதம் கழித்துப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது மாதம் அமுங்கிக் கிடக்கிற கெலாய்ட் பத்தாவது மாதம் எழுந்து நிற்கும். ஒரு வருடமாவது பின்தொடராத கெலாய்ட் ஆய்வின் முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, பதிவு எண். இந்தியாவில் மருந்து ஆய்வு எதுவாக இருந்தாலும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்துகிற சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். 2018 ஏப்ரல் 1-லிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும், முடித்துவிட்டு வந்து பதிகிற கதை நடக்காது. எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே தேடலாம். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கப் போகிறார்கள், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழு எது, அது அனுமதி கொடுத்ததா, எல்லாம் அதில் இருக்கும். எண்ணைக் கேட்டதும் முகம் சுளித்தால், அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

புது மருந்து ஆய்வுகளுக்கென்று 2019-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம் தர வேண்டும், இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள், அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவராக இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதியும், விவரத் தாளும் உங்கள் கையில் இருக்க வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லக்கூட வேண்டியதில்லை, விலகினதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வுச் செலவு என்று உங்களிடம் பணம் கேட்டால் அது தப்பு.

பல வருடத்துக்கு முன்பு நானும் ஒரு தழும்பு ஆய்வில் உதவியாளராக இருந்திருக்கிறேன். சேர்க்கை வேகமாக நடக்க வேண்டும் என்ற அவசரத்தில், வெளி நோயாளி வரிசையில் நிற்க வைத்தே படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம், "இது ரேஷனுக்கா தாயி?" என்று கேட்டார். படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த ஆய்வோடு சம்பந்தப்படாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து எல்லாம் சொல்லப்பட்டதா என்று பார்க்க வேண்டும், அதுதான் முறை. அன்று யாரும் இல்லை. அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவையும் தங்கையோடு அழைத்துப் போங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள், அவரே கேட்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் சேரலாம். நானாக இருந்தால் சேர்ப்பேன், ஏனென்றால் நம் தோலில் செய்த ஆய்வு நமக்கு மிகவும் தேவைப்படுகிறது.

என் ஐந்து வயது மகன் மேல் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டது. கையில் தழும்பு தடிக்கிறது. இறுக்கமான உறையை நாள் முழுக்கப் போடச் சொல்கிறார்கள், வெயிலில் பையன் அழுகிறான். இதற்கு நிஜமாகப் பலன் இருக்கிறதா? சிலிகான் ஷீட் ஒட்டினால் போதாதா?
— வாசகர், செங்கல்பட்டு

படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது. இறுக்க உறையை ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போடச் சொல்வதுதான் வழக்கம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மருத்துவர்கள் இதையும் பாதிப் பாதி முறையில்தான் சோதித்தார்கள். முன்கைத் தீக்காயத்தின் ஒரு பகுதியில் முழு இறுக்கம், மறு பகுதியில் பெயருக்கு இறுக்கம் இருக்கும்படி ஒரே உறையைத் தைத்தார்கள். பன்னிரண்டு வருடம் பொறுமையாக 54 பேரைச் சேர்த்து 2010-ல் முடிவைச் சொன்னார்கள்: இறுக்கிய பகுதி கொஞ்சம் மிருதுவாகவும், தட்டையாகவும் இருந்தது. ஆனால் தழும்பு ஓரளவுக்கு மேல் கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது, லேசான தழும்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

சிலிகான் ஷீட்டைப் பற்றி 2013-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் என்ற அமைப்பு 20 ஆய்வுகளை, மொத்தம் 873 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கொஞ்சம் பலன் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் பலவீனமாக இருப்பதால் நம்பிச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். ஷீட் ஒட்டியிருப்பது ஆளுக்கே தெரியுமே, அதை எப்படி மறைத்து வைத்துச் சோதிப்பது? அந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. நம் வெயிலில் ஷீட்டுக்கு அடியில் வேர்த்து வேர்க்குரு வரும், தினமும் கழட்டிக் கழுவிக் காய வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

ஆக, பையனின் தழும்பு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு உங்களுக்கு எட்டும் தூரம்தான். உறை ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, ஆனால் முழங்கையும் மணிக்கட்டும் முழுசாக நீட்டி மடங்குகிறதா என்று தினமும் பாருங்கள். தழும்பு இழுத்து மூட்டு மடங்கிப் போய்விட்டால் அதுதான் பெரிய கஷ்டம். பந்து பிடித்து விளையாட விடுங்கள், அதுவே நல்ல பயிற்சி.

அறுவை செய்த இடத்தில் தழும்பே வராமல் தடுக்கும் ஊசி வெளிநாட்டில் இருப்பதாக மச்சான் சொல்கிறார். அடுத்த மாதம் எனக்குத் தோளில் ஆபரேஷன். வரவழைக்க முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

உங்கள் மச்சான் கேள்விப்பட்டது அனேகமாக அவோடெர்மின் என்ற மருந்தாக இருக்கும், ஜூவிஸ்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் ஃபெர்குசன், ஷரன் ஓ'கேன் இருவரும் தொடங்கிய ரெனோவோ என்ற நிறுவனத்துடையது.

அதன் பின்னால் இருந்த எண்ணம் அற்புதமானது. கருவில் இருக்கிற குழந்தைக்கு முதல் 24 வாரத்துக்குள் தோலில் காயம் பட்டால் தழும்பே இல்லாமல் ஆறிவிடும். அந்தக் காயத்தில் டி.ஜி.எஃப். பீட்டா 3 என்ற புரதம் நிறைய இருக்கிறது, பெரியவர்கள் காயத்தில் அதன் உடன்பிறப்புகளான 1-ம் 2-ம்தான் அதிகம். அப்படியானால் 3-ஐ ஊசியாகப் போட்டால் என்ன? ஆரோக்கியமான ஆட்களின் மேல்கைகளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டார்கள். ஒரு வெட்டின் ஓரத்தில் மருந்து, அதே ஆளின் இன்னொரு வெட்டில் மருந்தில்லாத வெறும் ஊசி. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் மருந்து போட்ட பக்கம் நன்றாக இருந்தது. 2009-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை, வார்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

அடுத்த கட்டத்தில் 350 பேர். பழைய தழும்பை வெட்டி எடுத்துத் திரும்பத் தைக்கும் ஆபரேஷனில் சோதித்தார்கள். 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது: தேறவில்லை. எதை எட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்களோ, அது எதையும் எட்டவில்லை. அத்தோடு அந்த மருந்து நின்றுவிட்டது. என் கணிப்பைச் சொல்கிறேன்: ஆரோக்கியமான கையில் நேராகப் போட்ட ஒரு சென்டிமீட்டர் வெட்டு வேறு, பல வயதுக்காரர்களின் வேறு வேறு இடத்தில், ஏற்கெனவே ஒரு தடவை மோசமாக ஆறிய தோல் வேறு.

ஆகவே வரவழைக்க ஒன்றும் இல்லை. யாராவது அந்தப் பெயரில் விற்றால் வாங்காதீர்கள். அதற்குப் பதில், உங்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கெலாய்ட் வந்ததுண்டா என்று ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள், சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு தடித்திருந்தால் சட்டையைக் கழட்டி அதையும் காட்டுங்கள். தோள் என்பது அசைந்துகொண்டே இருக்கிற இடம், தையல் இழுபட இழுபடத் தழும்பு அகலும். தையல் பிரித்த பிறகு காகித டேப்பைக் குறுக்கே ஒட்டி இரண்டு மூன்று மாதம் இழுப்பைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். கனமான பையை அந்தத் தோளில் மாட்டாதீர்கள். ஆறாவது வாரத்தில் அரிப்போடு தடிக்க ஆரம்பித்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள், அந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும்.